அப்டேட் அக்காவுக்குக் கேட்காத பெயர்கள்

சித்தூர் ஜில்லாவில் வேகம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் அப்டேட் அக்காதான். மதனப்பள்ளி ரோட்டில் தக்காளி லாரி ஓட்டுகிறவர்கள் என் மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு வேகம் காலில். அக்காவுக்குக் காதில். நீங்களும் நானும் ஒரு வாக்கியத்தைக் கேட்டு, யோசித்து, 'ஓஹோ, அப்படியா' என்று தலையாட்டுவதற்குள் அவள் ஒன்றரைப் பக்கம் கேட்டு முடித்து, அதில் இரண்டு தப்பும் கண்டுபிடித்து வைத்திருப்பாள்.

நான் நகரிக்காரி. பவர்லூம் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள். அப்பேர்ப்பட்ட நானே சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆபீஸ் அறைக்குள் காலை வைத்ததும் பயந்துபோனேன். மூலை மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். திரை கறுப்பாக அணைந்து கிடந்தது. அதன் மேல் ஒரு கைக்குட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரிலிருந்து எண்ணெயில் முறுக்கு வேகிற மாதிரி ஒரே சடசடப்பு. அதற்கு முன்னால் முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, நல்ல கச்சேரி கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது, பாவம் இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டி, நான் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.

"யாரு, பட்டனா?" என்றாள் அவள், திரும்பாமலேயே.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்ததும் வராததுமாக என்னைப் பட்டன் என்றால் என்ன அர்த்தம்? பிறகுதான் கேட் வாட்ச்மேன் விளக்கினார். அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. திரையில் என்ன எழுதியிருந்தாலும் அது குரலில் படித்துக் காட்டும். சாதாரண ஜனங்கள் பேசுகிற வேகத்தில் அது படித்தால் அக்காவுக்குத் தூக்கம் வந்துவிடுமாம். அதனால் நாலு பங்கு வேகத்தில் வைத்திருந்தாள். அதுதான் அந்த முறுக்குச் சத்தம். சில இடங்களில் புரோகிராம் எழுதினவர்கள் ஒரு பட்டனை வைத்துவிட்டு அதற்குப் பெயர் எழுத மறந்துவிடுவார்கள். அங்கே வந்ததும் குரல் மொட்டையாக 'பட்டன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எதற்கான பட்டன், அமுக்கினால் என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. ஆகவே பேரைச் சொல்லாமல் எதிரில் வந்து நிற்கிற எவரும் அக்காவுக்குப் பட்டன்தான்.

இதில் அவள் சின்னவர் பெரியவர் பார்த்ததில்லை. திருப்பதி ஹெட் ஆபீஸிலிருந்து ஜி.எம். ஒரு தடவை வந்து, எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்ற நினைப்பில் கம்மென்று நின்றிருக்கிறார். அவரையும் பட்டனா என்றுதான் கேட்டாளாம். மனிதர் வெலவெலத்துப்போய், தன் பெயர், படிப்பு, பதவி, சொந்த ஊர் வரைக்கும் ஒப்பித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாராம்.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் பிறந்தால் எங்கள் ஃபேக்டரி வாசலில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றின லாரியும் டிராக்டரும் மைல் கணக்கில் நிற்கும். கேட்டில் ஆளுக்கொரு டோக்கன் நம்பர் கொடுப்போம். வண்டிக்காரர்கள் வெயிலில் நின்று காய முடியாமல் எங்காவது மரத்தடியில் படுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போன் போட்டு, என் முறை எப்போது என்று கேட்பார்கள். அந்தப் போனுக்கு அக்காதான். இடது காதில் கம்ப்யூட்டர், வலது காதில் போன். தெலுங்கில் கேட்டால் தெலுங்கு, தமிழில் கேட்டால் தமிழ், இரண்டையும் பிசைந்து கேட்டால் அதே பதத்தில் பிசைந்து பதில். கேட்டவர் வாயை மூடுவதற்குள், உனக்கு முன்னால் பதினோரு வண்டி, சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லியிருப்பாள்.

திரையைப் பகல் முழுக்க அணைத்தேதான் வைத்திருப்பாள். கரண்ட் தண்டம் என்பது அவள் கட்சி. மவுஸைச் சுருட்டி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, அதற்கென்று கொடுத்த அட்டை மேல் சூடான டீ கிளாஸை வைத்துக்கொள்வாள்.

அப்டேட் அக்கா என்ற பெயர் எப்படி வந்தது? அந்த ஸ்கிரீன் ரீடரை எங்கெங்கோ தேசங்களில் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து தடவை அதைத் திருத்தி, புதிதாக ஒன்று விடுவார்கள். நமக்கெல்லாம் போனில் அப்டேட் வந்தால் எரிச்சலோடு 'அப்புறம்' என்று அமுக்குவோம் இல்லையா? அக்காவுக்கு அது பண்டிகை. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, எடுப்பான புடவையில் வருவாள். கையில் கேரியர் நிறைய சேமியா பாயசம் இருக்கும். புதுப் பதிப்பின் எண்ணில் முதல் இலக்கம் மாறியிருந்தால் முந்திரி, திராட்சை இரண்டும். இரண்டாவது இலக்கம் மாறியிருந்தால் திராட்சை மட்டும். மூன்றாவது இலக்கம் மாறின சில்லறை அப்டேட் என்றால் வெறும் சேமியா. முந்திரிக்கு ஏங்கி, இந்தத் தடவை எந்த இலக்கம் மாறியிருக்கிறது என்று மேனேஜரே வந்து விசாரிப்பார்.

பாயசம் சும்மா கிடைக்காது. அப்டேட்டோடு வருகிற மாற்றங்களின் பட்டியலை அக்கா படிக்க, ஆபீஸே உட்கார்ந்து கேட்க வேண்டும். போலிஷ் மொழியில் ஒரு புள்ளி சரியாகப் படிக்கப்படாமல் இருந்தது, இப்போது படிக்கப்படும் என்பாள். சித்தூரில் போலிஷ் யாருக்குத் தெரியும்? ஆனாலும் வாட்ச்மேன் உள்பட நாங்கள் எல்லோரும் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லியாக வேண்டும். பட்டியலின் கடைசியில் 'மற்றும் சில சிறு பிழைகள் திருத்தப்பட்டன' என்று ஒரு வரி வரும். அங்கேதான் அவளுக்குக் கோபம் பொங்கும். எந்தப் பிழை? எத்தனை? பேர் சொல்ல வாய் வலிக்கிறதா? சமையலில் சில சிறு தப்பு பண்ணினேன், இப்போது சரி பண்ணிவிட்டேன் என்று சமையல்காரன் சொன்னால் சும்மா விடுவீர்களா, எதைத் தின்றேன் என்று தெரிய வேண்டாமா என்பாள். உடனே உட்கார்ந்து அந்தத் தன்னார்வலர்களுக்கு ஒரு கடிதம் தட்டுவாள்.

மனுஷர்களையும் அவள் கம்ப்யூட்டர் பக்கம் மாதிரிதான் படிப்பாள். எச் என்ற எழுத்தை அமுக்கினால் குரல் தலைப்பு தலைப்பாகத் தாண்டிப் போகும். எங்கள் வாட்ச்மேனோ ஒரு கதை ஆரம்பித்தால் அவருடைய கொள்ளுத்தாத்தா கல்யாணத்திலிருந்து வருகிறவர். அவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து அக்கா, தலைப்பை மட்டும் சொல்லு நைனா என்பாள். அவரும் பழகிவிட்டார். ஒருநாள் காலையில் வந்து, "தலைப்பு ஒண்ணு, மாடு ஓடிப்போச்சு. தலைப்பு ரெண்டு, லீவு வேணும்" என்று சொல்லிவிட்டு நின்றார். மேனேஜர் அங்கேயே லீவு கொடுத்துவிட்டார்.

அந்த மேனேஜர் பண்ணின காரியத்தையும் சொல்ல வேண்டும். ரொம்ப நல்ல மனிதர், உபகாரம் செய்யத் துடிப்பார். அதுதான் ஆபத்து. அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் கம்ப்யூட்டர் சடசடப்பதைக் கேட்டு, பாவம் இந்தக் கந்தல் மிஷினோடு எப்படித்தான் மாரடிக்கிறாளோ என்று மனம் இளகி, தன் மச்சினனுக்குப் போன் போட்டுக் கேட்டு, தடவித் தடவி அந்தக் குரலை நிதான வேகத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அக்கா திரும்பி வந்து ஒரு விசையைத் தட்டினாள். "டோ...க்கன்... நம்...பர்..." என்றது கம்ப்யூட்டர். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மிஷினுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, இரண்டு நிமிஷம் அதே நிதானத்தில் ஒவ்வொரு எழுத்தாக நீட்டி அவரிடம் பேசினாள். மனிதர் நெளிந்து, வியர்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் திருப்பதியிலிருந்து புது டோக்கன் புரோகிராம் வந்து இறங்கியது.

அதுவரைக்கும் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் ஏற்றுவோம். புதுசில் அந்தந்தப் பாஷையிலேயே ஏற்றலாம். ஜி.எம்.முக்கு அதில் ஏகப் பெருமை. ஊர்ப் பெயர் தெலுங்கில், வண்டிக்காரர் பெயர் அவர் எழுதிக் கொடுக்கிற பாஷையில், நம்பர் இங்கிலீஷில், எல்லாம் ஒரே வரியில். எல்லைப்புறத்தில் பிழைக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்களுக்குப் பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. அக்கா உட்கார்ந்து முதல் வரிக்குப் போனாள். "நாற்பத்து மூன்று" என்றது குரல். அப்புறம் கம்மென்று நின்றுவிட்டது. அடுத்த வரி. "நாற்பத்து நான்கு." கம். தமிழும் தெலுங்கும் ஒரே வரியில் கலந்து வந்தால் அந்தக் குரலுக்கு எந்தப் பாஷையில் படிப்பது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிவிட்டது. நம்பர் கேட்டது. ஊரும் கேட்கவில்லை, ஆளும் கேட்கவில்லை. போன் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு டோக்கன் நம்பர் ஞாபகம் இருக்காது, நான் பங்காருபாளையம் முனிரத்தினம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களை எங்கே என்று தேடுவது?

ஜி.எம். கெட்டவர் இல்லை, ஆனால் கறார். வருகிற திங்கட்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அக்காவால் புது புரோகிராமில் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அவளுக்கு வேறு வேலை பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். வேறு வேலை என்றால் டின் மேல் லேபிள் ஒட்டுகிற ஷெட். அந்தப் போன் நாற்காலி யாருக்கு என்று மேனேஜர் கேட்டதற்கு, எடை மேடையில் இருக்கிற அந்த நகரிப் பெண்ணுக்குக் கொடுங்கள் என்றாராம்.

அந்தப் பெண் நான்தான்.

உண்மையை மறைப்பானேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எடை மேடையில் தகரக் கூரைக்குக் கீழே மண்டை காய நின்றுகொண்டிருந்தவளுக்கு, ஃபேனுக்கு அடியில் நாற்காலி கிடைக்கிறது என்றால் ஆசை வராதா? அன்றைக்குச் சாயந்திரம் முழுக்க, எனக்கு வந்ததை நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைக் கூப்பிட்டு நாற்காலியின் உயரத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். கூடவே, டீக்கு வைத்திருந்த அந்த அட்டையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. உன் நாற்காலியும் வேண்டாம் அட்டையும் வேண்டாம் என்று அழாத குறையாகக் கத்திவிட்டு, இதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டேன்.

இருந்தது. இந்தக் கோளாறை அக்கா மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்து, அந்தத் தன்னார்வலர்களின் புகார்ப் பக்கத்தில் எழுதிப் போட்டிருந்தாள். இரண்டு பாஷையை ஒரே வரியில் யார் எழுதுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, அது அப்படியே கிடந்தது. ஒரே ஒருத்தர் மட்டும், உதாரண வரிகள் நிறைய இருந்தால் அனுப்புங்கள், முயற்சி செய்கிறேன் என்று பதில் போட்டிருந்தார். கேட்காத வரியை அவள் எங்கிருந்து பொறுக்கி அனுப்புவாள்? எது விழுங்கப்பட்டது என்று தெரிந்தால்தானே அனுப்ப முடியும்.

நான் படிக்கிறேன் என்றேன்.

மறுநாளிலிருந்து ஆறு நாள் நான் ஸ்கிரீன் ரீடராக வேலை பார்த்தேன். எடை மேடைக் கம்ப்யூட்டரிலும் அதே பட்டியல்தான் ஓடும். அக்காவின் வலது காதில் வண்டிக்காரன், இடது காதில் மிஷின், அதே இடது காதில் மொபைல் வழியாக நான். மிஷின் நம்பரைச் சொல்லி நிற்கும். அந்த இடைவெளியில் நான் ஊரையும் பேரையும் போட வேண்டும். முதல் நாள் நான் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக 'பங்காருபாளையம், திரு. முனிரத்தினம்' என்றேன். இந்த வேகத்தில் போனால் மாங்காய் லாரியிலேயே பழுத்து அழுகிவிடும், திருவெல்லாம் எதுக்கு, அவன் என்ன கல்யாணப் பத்திரிகையிலா இருக்கிறான் என்று திட்டு விழுந்தது.

வேகத்தைக் கூட்டினேன். இரண்டாம் நாள் தாடை வலித்தது. மூன்றாம் நாள் மூச்சு எங்கே விடுவது என்று பழகிக்கொண்டேன். அக்கா எனக்கும் கட்டளை போட ஆரம்பித்தாள். 'அடுத்தது' என்றால் அடுத்தது. 'திரும்ப' என்றால் திரும்ப. நான் ஒரு தடவை தும்மினதற்கு அதைத் தாண்டிப் போகச் சொன்னாள். நாலாம் நாள் நான் தங்கியிருந்த ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுகிற அம்மாவிடம் சாதம், சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தப் பட்டியல் இருக்கிறதே, அது வேறு என்னைச் சோதித்தது. சித்தூர்ச் சீமையில் முனி என்று ஆரம்பிக்காத பெயர் ஒரு தெருவுக்கு நாலு தேறினால் அதிகம். யாதமரி முனிரத்தினம், ஐராலா முனிரத்தினம், பாகாலா முனிரத்தினம், பூதலப்பட்டு முனிரத்தினம் என்று வரிசையாக நாலு பேர் வந்து, ஐந்தாவதாக முனிரத்தினம் தம்பி முனிகிருஷ்ணா என்று வந்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பக்கம் அக்காவும் ஆரம்பித்துவிட்டாள். போனில் காத்திருந்த வண்டிக்காரர், ஏம்மா, என் டோக்கனில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். அவரும் ஒரு முனிரத்தினம் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் போனை மேஜை மேல் வைத்துவிட்டுச் சிரித்தோம்.

சாயந்திரமானால் அன்றைக்கு விழுங்கப்பட்ட வரிகளையெல்லாம் அக்கா ஒன்று விடாமல் அந்தத் தன்னார்வலருக்கு அனுப்பினாள். அவர் நன்றி சொல்லி, அடுத்த சின்ன அப்டேட்டில் சேர்க்கப் பார்க்கிறேன், தேதி சொல்ல முடியாது என்றார். சனிக்கிழமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அப்டேட் வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜி.எம். வந்து, தன் பெயரைச் சொல்லிவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல நானே படிப்பது என்று நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம்; அக்காவின் காதில் இருந்த இயர்போனைப் பார்த்தால் கம்ப்யூட்டருடையது என்றுதான் தோன்றும். நான் எடை மேடையில் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். முதல் போன் வந்தது. நான் படித்தேன், அக்கா சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாகப் பேசினதில்லை. பன்னிரண்டாவது பதிலுக்கு ஜி.எம். "பாகுந்தம்மா, சாலா பாகுந்தி" என்று பாராட்டுவது எனக்கே கேட்டது. வேலை தப்பித்தது என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது அக்கா பேசினாள்.

"சார், இத்த என் கம்ப்யூட்டர் படிக்கல. எடை மேடையில நிக்கறாளே நகரிப் பொண்ணு, அவதான் போன்ல படிச்சிக்கினு கீறா. என் மிஷின்ல இன்னும் ஒரு பேரு கூட கேக்கல."

அடிப்பாவி, அரை மணி நேரம் பொறுத்தால் அந்த ஆள் திருப்பதி பஸ் ஏறிவிடுவாரே என்று போனிலேயே பல்லைக் கடித்தேன். ஜி.எம்., அப்படியென்றால் இதை ஏன் என்னிடம் சொல்கிறாய், சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே என்று தெலுங்கில் கேட்டார்.

"மூணு வருசமா இந்தத் தப்ப ஊருக்கெல்லாம் எழுதிக்கினு இருந்தவ நானு. என் சீட்டு போயிடுமேன்னு நானே அத்த மூடி வெச்சா, அப்புறம் யாரு சார் சரி பண்ணுவாங்க? எனக்குப் பின்னால என்ன மாதிரியே ஒருத்தி வந்து ஒக்காந்தா அவளுக்கும்தான் கேக்காது. லேபிள் ஷெட்டுக்குப் போகச் சொன்னா போறேன். மூடி மட்டும் வெக்க மாட்டேன்."

அதற்குள் போன் அடித்தது. அக்கா எடுக்கவில்லை. ஜி.எம். தானே எடுத்தார். திரையின் விளிம்பில் அதைப் போடுகிற பட்டனைத் தேடவே அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று. கைக்குட்டையை விலக்கி, கண்ணாடியை மாட்டி, டிராயரைத் திறந்து மவுஸைத் தேடியெடுத்து, பட்டியலில் மேலும் கீழும் போய் அந்த வண்டிக்காரரைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னும் மூன்று போன் காத்திருந்தது. தப்பான முனிரத்தினத்தை உள்ளே வரச் சொல்லிவிட்டார். கேட்டில் இரண்டு முனிரத்தினங்களும் ஒரே நேரத்தில் வண்டியை நுழைக்க, வாட்ச்மேன் விசில் ஊத, நான் எடை மேடையிலிருந்து ஓட, ஒரே அமளி. ஜி.எம். போனைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது அக்காவின் கைக்குட்டையில். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், அதுவரைக்கும் அந்தப் பெண்ணே படிக்கட்டும், ஆனால் அடுத்த திங்கட்கிழமைக்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்டேட் வந்தது. மூன்றாவது இலக்கம் மாறின அப்டேட். பட்டியலில் மொத்தம் ஒன்பது வரி. ஆறாவது வரியில், ஒரே வரியில் தமிழும் தெலுங்கும் சேர்ந்து வரும்போது குரல் நின்றுபோவது சரிசெய்யப்பட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். உலகத்தில் எத்தனை லட்சம் பேர் அந்த வரியைப் பார்த்திருப்பார்களோ, பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பார்களோ, தெரியாது. எங்கள் ஆபீஸில் மேனேஜர் அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அக்கா அப்டேட்டைப் போட்டுவிட்டுப் பட்டியலைத் திறந்தாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். எங்களுக்கும் புரிய வேண்டும் என்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே வேகத்தைக் குறைத்தாள். 'எழுபத்து ஒன்று' என்றது குரல். ஒரு கணம் நின்றது. 'பங்காருபாளையம். முனிரத்தினம்' என்றது.

வாட்ச்மேன் கையைத் தூக்கிக் கும்பிட்டேவிட்டார். அக்கா அடுத்த வரி, அடுத்த வரி என்று ஓட்டிக்கொண்டே போனாள். பாகாலா. ஐராலா. யாதமரி. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. கடைசி வண்டி வரைக்கும் கேட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். சாயந்திரம் வந்த பாயசத்தில் முந்திரி மிதந்தது. மூன்றாவது இலக்கத்துக்கு முந்திரியா என்று மேனேஜர் கேட்டதற்கு, சட்டம் போட்டவள் நான், மாற்றுவதும் நான் என்றாள். திங்கட்கிழமை ஜி.எம். வந்து, கேட்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்காவின் நாற்காலி அக்காவுக்கு. நான் மறுபடி தகரக் கூரைக்குப் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, வெயிலில் நின்றுகொண்டு பட்டியலைப் பார்த்தபோது, காதில் 'அடுத்தது' என்று யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்தப் புதுக் குரலின் மேல் பொறாமைகூட வந்தது. கம்ப்யூட்டர் குரல் மேல் பொறாமைப்பட்ட ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டு, புதுசாக ஒரு புகார் போட்டிருக்கிறேன் என்றாள். எனக்குக் கவலையாகிவிட்டது. இப்போதுதானே எல்லாம் சரியாயிற்று, இன்னும் எது கேட்கவில்லை என்றேன். அவள் ஒரு விசையைத் தட்டினாள். எனக்காக நிதான வேகத்திலேயே கம்ப்யூட்டர் படித்தது.

'புதுக் குரல் எல்லாப் பெயரையும் சரியாகப் படிக்கிறது. ஆனால் நாலு முனிரத்தினம் வரிசையாக வந்தால் சிரிப்பதில்லை. இதற்கு முன்னால் சில நாள் உபயோகித்த குரல் சிரித்தது. அந்த வசதி திரும்ப வேண்டும்.'

கீழே அந்தத் தன்னார்வலரின் பதில் இருந்தது. பாவம், நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். அப்படி ஒரு குரல் எங்கள் பட்டியலில் இல்லை, தயவுசெய்து அதன் தயாரிப்பையும் பதிப்பு எண்ணையும் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார். அதற்கும் அக்கா பதில் எழுதியிருந்தாள்: 'தயாரிப்பு நகரி. ஒரே பதிப்புதான்.'

நான் இப்போது திருப்பதியில் வேறு வேலையில் இருக்கிறேன். அந்தப் புகாரை இன்னும் யாரும் தீர்த்துவைக்கவில்லை. அதனால் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூர் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருகிறேன்.